ஒரே ஓட்டில் ஜெயிக்க வேண்டிய கவர்னர்

தோற்பதில் கவர்னர் அண்ணாச்சியை ஜெயிக்க ராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனையில் அவருக்குப் பலசரக்குக் கடை. பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய தாள்களில் ஒருநாள் தமிழில் ஒரு புத்தகம் அகப்பட்டது. போன நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்த ஒரு மாகாணக் கவர்னரின் சரித்திரம். அந்த மனிதர் வருஷா வருஷம் தேர்தலில் நின்று, பத்துப் பன்னிரண்டு தடவை மண்ணைக் கவ்வி, கடைசியில் ஒரே ஓட்டில் ஜெயித்தாராம். அதோடு சரி. மீதிப் பக்கங்களில் அண்ணாச்சி ஏற்கெனவே கடுகு மடித்துக் கொடுத்துவிட்டார்.

"ஒத்த ஓட்டு, தம்பி! அம்புட்டுத்தான் வேணும்" என்பார். அன்று பிடித்தது சனி; ஊரும் அவரைக் கவர்னர் என்றே கூப்பிட ஆரம்பித்தது.

நம்மூரில் வருஷா வருஷம் தேர்தல் ஏது? முனிசிபல் தேர்தல் இல்லாத வருஷங்களில் சொசைட்டி, பஜனை மடம் என்று எதிலாவது நிற்பார். ராஜபாளையம் போய்ப் பஞ்சு வியாபாரிகள் சங்கத்துக்கும் மனுக் கொடுத்தார். பஞ்சுக்கும் அவருக்கும் தலையணை ஒன்றுதான் சம்பந்தம். ஒவ்வொரு தோல்விக்கும் கடை கொஞ்சம் மெலிந்தது. சம்சாரம் பிள்ளைகளோடு வத்திராயிருப்பில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். "செயிச்சா வந்து கூப்பிடுங்க" என்று ஒரே வார்த்தை.

கடைசியாக நின்றது எங்கள் வார்டில், அரிசி மில்காரரை எதிர்த்து. ஊரே இரக்கப்பட்டது. இந்தத் தடவை மனுஷன் ஜெயித்துவிடுவார் என்றே பேச்சு.

ஓட்டு நாளன்று ஆண்டாள் தேர் தெரு மூலையில் சக்கரம் புதைந்து நின்றது. வடத்தில் கை வைத்தால் அன்றைய இழுப்பு முடியாமல் எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். பாவி நான், காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஓட்டுப்பதிவு முடிய அரைமணி இருக்கையில் அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏலே, வாலே! பொட்டிய மூடப் போறான்!"

"நாச்சியார் செத்த நகரட்டும், அண்ணாச்சி. நீங்க போட்டாச்சா?"

"ஒன்னயும் கூட்டிட்டுப் போய்ச் சேந்து போடலாம்னு இருந்தேன்."

தேரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நானும் ஒரு கை போட்டா வெரசா நகரும்" என்று வடத்தைப் பிடித்தார். பிடித்தவருக்கு விட மனசு வரவில்லை. ஓட்டுப்பெட்டிக்கு அரக்கு வைத்த பிறகுதான் தேர் ஒரு முழம் அசைந்தது.

மறுநாள் எண்ணினார்கள். ஒரே ஓட்டில் தோற்றார். அவருடையதும் என்னுடையதும் விழுந்திருந்தால் ஒரே ஓட்டில் ஜெயித்திருப்பார்.

காலில் விழப் போனேன். தூக்கிவிட்டார்.

"அமெரிக்காவுல தேர் கெடையாதுல்ல, தம்பி. அதான் அவரு செயிச்சுட்டாரு."

வத்திராயிருப்பிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த தேர்தலுக்கு அவரும் இல்லை. அந்த அமெரிக்கக் கவர்னர், ஜெயித்த மறுவருஷமே தோற்றுப்போனாராம். பிற்பாடு ஒரு பாதிரியார் சொன்னார். அண்ணாச்சிக்கு அது தெரியாமலே போனது ஆண்டாள் கிருபை.

நாச்சியாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் வடம் பிடிக்கையில், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டுத்தான் பிடிக்கிறேன்.