விரும்பிக் கேட்போர் முப்பத்திரண்டு பேர்

புந்தோங், ஈப்போ
10.10.1983

அன்புத் தம்பி அர்ச்சுனனுக்கு அக்கா நவமணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் மச்சானின் இடுப்பைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். ஆஸ்திரேலியாவில் நீ இடுப்பு உள்பட சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வானத்து இரைச்சலைக் கேட்கும் உன் படிப்பை முடிக்க அந்தப் பெரிய ரேடியோத் தொலைநோக்கியில் நாற்பது மணி நேரம் வேண்டும், ஆனால் ஒரு கூட்டம் வானம் முழுக்க அளக்க வேண்டும் என்கிறது, இன்னொரு கூட்டம் துடிக்கிற நட்சத்திரங்களை எண்ண வேண்டும் என்கிறது, நேரம் பிரித்துக் கொடுக்கும் கமிட்டி உன் மனுவை மூன்றாம் முறையாகத் திருப்பிவிட்டது, வருஷக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லாமல்தான் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான்கு வருஷம் கழித்து இந்தத் தீபாவளிக்கு நீ வருகிறாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இந்த முகத்தோடு வந்தால் உனக்கு முறுக்கு எப்படி இறங்கும்?

இதெல்லாம் நமக்குப் புதுசா, தம்பி? எழுபத்து நாலில் பீடோர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து, பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில் ஒரே ஒரு ரேடியோ. சன்னாசி அண்ணனுக்குச் செய்தி வேண்டும், எல்ஸி அக்காவுக்குப் பாட்டு வேண்டும், எனக்கு நேயர் விருப்பத்தில் யார் யார் பெயர் வாசிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அடித்துக்கொண்டு, கடைசியில் சாயந்திர நிகழ்ச்சி ஒன்றே மூன்று பேருக்கும் போதும் என்று கண்டுபிடித்தோம். பாட்டு அக்காவுக்கு, பெயர்கள் எனக்கு, நடுவில் வரும் செய்தி அண்ணனுக்கு. உங்கள் தொலைநோக்கியையும் ஒரே பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆளுக்கு வேண்டியதைக் காதில் வாங்கிக்கொள்ளலாமே?

உனக்குத்தான் எதுவும் ஒத்துவரவில்லை. உன் முறை வந்தால் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் முள்ளை நிறுத்திவிட்டு இரைச்சலைக் கேட்பாய். "காது நோவுது லா, திருப்புடா!" என்பாள் எல்ஸி அக்கா. "இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பாட்டரிதான் வீணாப் போவுது," என்பார் சன்னாசி அண்ணன். நீ அசையமாட்டாய். "அக்கா, உள்ளுக்கு என்னமோ இருக்கு, கேட்டுப் பாரு," என்பாய். நானும் காதை வைத்தேன். பலகாரம் பொரிகிற சத்தம்தான் கேட்டது. இருந்தாலும் உன் அரை மணி முடியும்வரை யாரையும் முள்ளைத் தொட விட்டதில்லை. இப்போது வீட்டுக்கு ஒரு ரேடியோ. சண்டை போட ஆளில்லாமல் கேட்பதில் ருசியே இல்லை, தம்பி. அந்தக் கொட்டகையை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படாதே. நேயர் விருப்பத்துக்கு ஒரு கார்டு போட்டால் குப்பைக்குப் போகும், முப்பது போட்டால் பாட்டு வரும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் சிதறிப்போன நம் ஆட்களைத் தேடி, தாப்பா, தெலுக் இந்தான் என்று பஸ் ஏறி, வீட்டுக்கு ஒரு கார்டில் கையெழுத்து வாங்கி, போன மாதமே உன் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். எல்ஸி அக்கா மகள் பியாட்ரிஸ் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள்: 'எங்கள் அர்ச்சுனனுக்காக நாற்பது மணி நேர இரைச்சல் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விரும்பிக் கேட்போர்...' பாட்டரிச் செலவு தன்னுடையது என்று சன்னாசி அண்ணன் தனியாகச் சேர்க்கச் சொன்னார். கார்டு சீக்கிரம் எடுபட நாம் வழக்கமாகப் போடும் வரியையும் அடியில் போடவைத்தேன்: 'எந்த நாளானாலும் சரி, பண்டிகை நாளானாலும் பரவாயில்லை.'

நீ கவலையில்லாமல் வந்து சேர். உன்னைக் கூட்டிவர மச்சான் கார் சொல்லிவிட்டார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. அம்மன் உன் கூடவே இருப்பாள்.

உன் அக்கா,
நவமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் உன் அடுத்த கடிதத்தைக் கொடுத்தார். கமிட்டித் தலைவர் நம் கார்டுகளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். நாற்பது மணி நேரமும் கொடுத்துவிட்டார்களாம். தீபாவளி வாரத்தில். பண்டிகை நாளானாலும் பரவாயில்லை என்று எழுதச் சொன்ன வாயை என்ன செய்வது? மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நீ வராதே, தம்பி. தீபாவளியன்று காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும், ரேடியோ முள்ளை இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நிறுத்திவிட்டு உட்காருவேன். நீயும் அங்கே கேட்டுக்கொண்டிரு. நீ முடிக்கும்வரை யாரையும் தொட விடமாட்டேன்.