நாற்பத்திரண்டாம் எண் வீட்டு ஜெபக்கூட்டம்

சபையின் இணையதளத்தைத் திறந்த ஹெர்பர்ட்டுக்குத் திக்கென்றது. பாஸ்டரின் பிரசங்கத் தலைப்பு எறும்பு சைசில் இருந்தது. கீழே அந்த வார ஜெபக்கூட்ட வீடுகளின் விலாசங்கள் மூன்றும் சினிமா போஸ்டர் அளவுக்கு நின்றன.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருபத்திரண்டு வருஷமாகச் சபைச் செய்திமடல் எழுதுகிறவர் அவர். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆகி, சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பேர் ஒட்டி அகர வரிசையில் அடுக்கியும் முடித்துவிட்டார். வெளியே நாலு பேர் 'சார்' என்று கூப்பிடுவது இந்த மடலால்தான். அதற்கும் போன மாதம் வேட்டு விழுந்தது. இனி மார்க்டவுனில்தான் எழுத வேண்டும், வராவிட்டால் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் கேரலே எழுதட்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

மார்க்டவுன் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெறும் எழுத்தோடு சில குறிகளைச் சேர்த்தால் கம்ப்யூட்டரே தலைப்பு, தடித்த எழுத்து என்று அழகு பண்ணிவிடும். மனுஷன் கஷ்டப்பட்டுக் கற்றும்கொண்டார். ஆனால் வீட்டு எண்ணுக்கு முன்னால் # போட்டே பழகிய பெங்களூர்க் கை சும்மா இருக்குமா? மார்க்டவுனுக்கோ வரி ஆரம்பத்தில் # வந்தால் அது தலைப்பு.

"விட்டுடாதீங்க. நீங்க எழுந்துக்கவே வேணாம், டீயை இங்கயே கொண்டாரேன்" என்றாள் மனைவி குளோரியா. முப்பது வருஷத்தில் அவளுக்கு இத்தனை அக்கறை வந்து அவர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

# எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தார். முதல் வரியில் 41 பளிச்சென்று வந்தது. மற்றதைப் பார்ப்பானேன் என்று வெளியிட்டுவிட்டார். வரி ஆரம்பத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் மார்க்டவுன் அதை வரிசைப் பட்டியல் என்று நினைத்து, அடுத்தடுத்த எண்களைத் தானே போட்டுக்கொள்ளும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? 41, 12, 7 என்று அவர் எழுதியது 41, 42, 43 ஆகிவிட்டது. மூன்றும் ஒரே தெரு. வீட்டுக்காரர் பேரைப் போட்டால் பெருமை தலைக்கேறும் என்று எண்ணை மட்டும் போடுவது அந்தச் சபை வழக்கம்.

புதன்கிழமை சாயங்காலம் பதினாலு பேர் பாட்டுப் புத்தகத்தோடு 42இல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சபைக்குச் சம்பந்தமே இல்லாத, சேலத்திலிருந்து வந்த ரவியும் மகாவும் குடியிருக்கும் வீடு. ரவி வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். அவனுடைய மேனேஜர் ஆன்லைனில் இரண்டு பாட்டையும் முழுதாகக் கேட்டார். அங்கே கூட்டம் நடக்க வேண்டிய 12இல் அல்போன்சா அறுபது வடை சுட்டு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் ஹெர்பர்ட்டுக்கு போன் போட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை பாஸ்வேர்ட் எழுதிய துண்டுச்சீட்டோடு கேரல் வீட்டுக்குப் போனார் ஹெர்பர்ட்.

"இந்தாம்மா. எனக்கு இது வரல. இனிமே நீயே எழுது."

கேரல் சீட்டை வாங்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அங்கிள், மார்க்டவுனே வேணாம், சாதாரணமா டைப் பண்ற பட்டன் பக்கத்துலயே இருக்கு. நீங்க கிச்சன் பக்கம் வராம இருக்க ஏதாச்சும் கஷ்டமான வேலையா குடுங்கன்னு குளோரியா ஆன்ட்டிதான் பாஸ்டர்கிட்ட வந்து கெஞ்சினாங்க."