மாப்பிள்ளையின் தொப்பிக்குக் கஞ்சி போட்ட விவரம்

தியாகராய நகர்,
செவ்வாய்க்கிழமை.

என்னை அடித்தும் அணைத்தும் வளர்த்த அண்ணாச்சி முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, தம்பி கணேசமூர்த்தி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், புஷ்பம், வீட்டுக்கு வந்திருக்கும் மகள் ஷண்முகப்ரியா, லீவில் வந்திருக்கும் ராணுவ மாப்பிள்ளை அறிவு எல்லாரும் நலம். நலமில்லாதது ஒரு தொப்பி மட்டும்தான். போனில் சொன்னால் புஷ்பம் காதில் விழும். வாட்ஸப்பில் சொன்னால், என் கைராசிக்கு, அது குடும்பக் குழுவில் போய் விழும். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை வந்து இறங்கியதும் தன் பீல்டு கேப் என்கிற ராணுவத் தொப்பியைச் சோபாவின் கையில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நான் அதைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பச்சை வெளுத்து இன்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி ஆகி, உச்சியில் பள்ளம் விழுந்து, முன்முனை கூரை ஓடு மாதிரி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு இதுதானா தொப்பி என்று எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் விற்றே தலை நரைத்தவன் நான். என் கடையில் சாரணர் பையன் வாங்குகிற தொப்பிகூட விறைத்து நிற்கும். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கடைக்கு எடுத்துப் போய் நம் தையல்காரர் ஷரீஃபிடம் நீட்டினேன். "இன்னா மொதலாளி, இது தொப்பியா? அடுப்புலேர்ந்து சட்டி எறக்குற துணி கணக்கா கீது" என்றார் அவர். எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைக்கச் சொல்லி, பச்சைச் சாயத்தில் முக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டாயிற்று. விரலால் சுண்டினால் டங்கென்றது. பெருமை தாங்காமல் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பிடும்போது எடுத்துக் காட்டி அசத்தலாம் என்று, "தொப்பியை ஏன் மாப்ளே அப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று மெல்ல ஆரம்பித்தேன். அதிகம் பேசாத மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அது ஆறு வருஷ உழைப்பு மாமா! புதுசா வர்ற பையனோட தொப்பி வெறச்சிக்கிட்டு நிக்கும். அதப் பாத்தாலே எல்லாரும் சிரிப்பாங்க. நாங்க மொதல்ல உள்ள இருக்கற கேன்வாஸ உருவிடுவோம். சுடுதண்ணில முக்கி ஈரத்தோட தலையில போட்டுக் காயவைப்போம். முனைய வளைச்சி டீ மக்குக்குள்ள சொருகி, ஷூ லேஸால கட்டுவோம். புருவத்துக்கு மேல ரெண்டு விரல், லேசா வலப்பக்கம் சாய்வு. வெளுக்க வெளுக்கத்தான் மதிப்பு." பக்கத்தில் வைத்திருந்த பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். "என் தொப்பி எங்க மாமா?" என்றார். "துவைக்கப் போயிருக்கு மாப்ளே" என்றேன்.

அண்ணாச்சி, இந்த வீட்டில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு நானாகச் செய்த முதல் காரியம் இது. இந்தக் கோலத்தில் அதைப் போட்டுக்கொண்டு போனால் அவருக்குக் கீழே இருக்கிற சிப்பாய்களே சிரிப்பார்கள். எப்படியாவது அதைக் கிழடாக்கிவிடுவது என்று இறங்கினேன். கேன்வாஸை உருவினேன். சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தேன். சாயம் போகவில்லை, புஷ்பத்தின் பால் பாத்திரம்தான் பச்சையாயிற்று. கடல் தண்ணீர் வெளுக்கும் என்று நொச்சிக்குப்பம் போய் இடுப்பளவு அலையில் நின்று முக்கி முக்கி எடுத்தேன். மீன் விற்கிற அம்மாள், "இன்னா நைனா, தொப்பிலயே மீன் புடிச்சிக்கினு போலாம்னு வந்துகிறியா?" என்றார். சாயம் கொஞ்சம் இறங்கியது, நெத்திலி வாசனை ஏறியது. பிறகு முனையை வளைத்து மாப்பிள்ளை காப்பி குடிக்கும் டம்ளருக்குள் சொருகி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். டம்ளரைக் காணாமல் புஷ்பம் அவருக்குக் கிண்ணத்தில் காப்பி கொடுத்தாள். அதையும் அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

தலையில் போட்டுக் காயவைப்பதுதான் பாக்கி. மத்தியான வெயிலில் மொட்டைமாடிக்குப் போய் ஈரத் தொப்பியை வைத்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். நெற்றியில் இறங்கிய குளிர்ச்சி அப்படியே கண்ணுக்குள் போயிற்று. ரங்கநாதன் தெரு இரைச்சல் எங்கோ தூரத்தில் ஓடுகிற ஆறாகிவிட்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகள் மலைகளாயின. கொடியில் காய்ந்த வேட்டிகளெல்லாம் பனி. நான் காவலுக்கு நின்றேன். ஒரு மைனா எல்லையைத் தாண்டி வந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடையில் ஐந்தாம் வகுப்பு டவுசருக்கு ஆள் காத்திருந்தது பிறகுதான் தெரியும். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாள் தொப்பி காய்ந்தே இருந்தது; அப்போதும் போனேன். வாலிப வயதில் ராணுவ ஆளெடுப்புக்குக் கிளம்பிய என்னை அப்பா கல்லாவில் உட்கார வைத்தது உங்களுக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இருக்கிறது அண்ணாச்சி.

நாளை மறுநாள் மாப்பிள்ளை ரயிலேறுகிறார். தொப்பி இப்போது ஏறக்குறையப் பழையபடி இருக்கிறது. அவருக்குச் சந்தேகம் வந்தால் நீங்கள் போன் செய்து, சென்னைத் தண்ணீருக்குத் துணியெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று பெரியவராக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவார்.

மதினிக்கு என் கும்பிடு. பிள்ளைகள் எல்லாரும் குறைவில்லாமல் இருக்கத் திருச்செந்தூரான் துணையிருப்பான்.

கடைசிவரை உங்களுக்கு அடங்கிய தம்பி,
கணேசமூர்த்தி

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. நீங்கள் போன் செய்ய வேண்டாம். மூட்டை கட்டும்போது தொப்பியை நீட்டினேன். மாப்பிள்ளை தலையில் வைத்தார். பள்ளம் ஓர் இடத்தில், முனை ஓர் இடத்தில். கழற்றி என் தலையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "உங்க தலைக்குப் படிஞ்சிடுச்சு மாமா" என்றார். தண்ணீர், உப்பு என்று நான் உளற ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஷரீஃப் பாய் மொத நாளே சொல்லிட்டாரு மாமா. திருப்பி வாங்கிக்கலாம்னுதான் மாடிக்கு வந்தேன். நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. கேக்க மனசு வரல. அங்க போனா எனக்குப் புதுசு தருவாங்க. கொஞ்ச நாள் சிரிப்பாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும்."

சென்ட்ரலில் அவர் வெறுந்தலையோடு வண்டி ஏறினார். தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாதாம். ஆகையால் ரயில் பெட்டி வாசலில் விறைப்பாக மட்டும் நின்றார். தொப்பி என் தலையில்தானே இருந்தது, அதனால் நான் அடித்தேன். "கைய எறக்குங்க, ரயிலு போயி ரொம்ப நேரமாச்சு" என்றாள் புஷ்பம்.