இருபது வீடு, ஒரே பதில்

மனைவி வேலைக்குப் போகக்கூடாது என்பதை அறிவியல் முறைப்படி நிரூபித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அசோக்குமார் முடிவு செய்தார். வாயால் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பதினாறு வருஷமாக மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. ஆபீஸ் பக்கம் மேலே போகவேண்டும் என்ற ஆசையில் தபால் வழியாக எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தார். மனைவி காவேரி கர்நாடக எல்லையோரம் இருக்கிற நாட்றாம்பாளையத்துக்காரி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவளுக்குத் தண்ணீர்பட்டபாடு. மகள் சுப்ரியா எல்.கே.ஜி. சேர்ந்த நாளிலிருந்து, ஆறு வருஷமாக, காவேரி "நானும் கம்பெனிக்குப் போறேங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் அசோக்குமார் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

இப்போது கையில் கோட்பாடே இருந்தது.

"சமுதாயம் ஒரு உடம்பு மாதிரி, காவேரி. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை. குடும்பமும் அப்படித்தான்."

காவேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் என்ன உறுப்புங்க?"

"நீ இதயம்!"

"அப்ப லீவே கிடையாது."

அசோக்குமார் பக்கத்தைப் புரட்டினார். "இதுக்குப் பேரு செயல்பாட்டுக் கோட்பாடு."

"அடுத்த பாடம் என்ன?"

"மோதல் கோட்பாடு."

"அதையும் படிச்சு வச்சுக்குங்க" என்றாள் காவேரி. "இப்ப என்ன பண்ணணும்?"

"ஆய்வு."

"அதான் பண்ணிக்கிட்டிருக்கேன். கீரையில ஒரே தண்டு."

இப்படிப்பட்டவளைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததே என்பதுதான் அசோக்குமாரின் வருத்தம். ஆனால் வேறு வழியில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிற இருபது வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார். அத்தனையும் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற வீடு. பதினாறு வருஷத்தில் அசோக்குமார் கற்ற கன்னடம், பஸ்ஸில் சில்லறை கேட்கத்தான் உதவும்.

கேள்வி ஒன்றே ஒன்று. மூன்று நாள் யோசித்து எழுதியது: 'தாய் வேலைக்குச் செல்வதால் குடும்பத்தில் மாற்றம் ஏற்பட்டுள்ளதா?' கீழே இரண்டு கட்டம். ஆமாம், இல்லை. மாற்றம் என்றால் கெடுதல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

முதல் வீடு சாந்தம்மாவுடையது. செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. காவேரி கன்னடத்தில் கேட்டாள். சாந்தம்மா ஐந்து நிமிஷம் பேசினாள். நடுவில் சிரித்தாள், ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஆமாங்கிறாங்க."

அசோக்குமார் கட்டத்தில் டிக் அடித்தார்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. சாயங்காலமானால் காவேரியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுப்பார். ஒவ்வொரு வீட்டிலும் நீண்ட பேச்சு, முடிவில் ஓர் 'ஆமாம்.' பதினாலாவது வீட்டில் மட்டும் ஒரு விசித்திரம். அந்த வீட்டு அம்மாள் காவேரியின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஊசியும் நூலும் கொடுத்தாள். காவேரி கோத்தாள். இன்னொன்று கொடுத்தாள். அதையும் கோத்தாள். பத்து ஊசி ஆயிற்று. பாவம், அந்த அம்மாளுக்குக் கண் மங்கல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அசோக்குமார் அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தார்.

இருபதுக்கு இருபது! நூறு சதவீதம்! கிருஷ்ணகிரியில் நடந்த ஞாயிறு வகுப்புக்கு அறிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். பாடம் நடத்துகிற ராஜலட்சுமி மேடம் முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"மாற்றம்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. என்ன மாற்றம் சார்?"

அசோக்குமார் கேள்வித்தாளைக் கவிழ்த்துப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அவங்க பேசினதை விட்டுட்டு டிக் மட்டும் கொண்டுவந்திருக்கீங்க. கேட்டு எழுதிட்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். "காவேரி, அந்த சாந்தம்மா அஞ்சு நிமிஷம் என்னதான் சொன்னாங்க?"

காவேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். "கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல, மத்தியானச் சோறு சூடா, உக்காந்து சாப்பிட்டது கம்பெனி கேண்டீன்லதானாம். முதல் நாள் தட்டை வச்சுக்கிட்டு அழுதுட்டாங்களாம்."

அசோக்குமார் பேனாவை எடுத்தார்.

"நாலாவது வீட்டு அக்கா, அவங்கம்மாவுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில கண் ஆபரேஷன் பண்ணிவச்சாங்களாம். ஒன்பதாவது வீட்ல வேற மாதிரி. நாள் பூரா நின்னு கால் வீங்குதாம். பையன் பக்கத்து வீட்டுக்காரங்களை அம்மான்னு கூப்பிடுறானாம். அதையும் எழுதிக்குங்க. ஆனா வேலையை விடுவீங்களான்னு கேட்டேன், மாட்டேன்னுட்டாங்க."

அவர் எழுதினார். இருபது வீட்டையும் அவள் ஒன்று விடாமல் மனசில் வைத்திருந்தாள். கடைசியில் மெல்லக் கேட்டார். "இதெல்லாம் அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ரெண்டு கட்டந்தானே போட்டிருந்தீங்க."

"இவ்வளவுதான் பேசினாங்களா?"

"மீதி நேரம் நான் பேசினேன்."

"நீ என்ன பேசின?"

"எந்தக் கம்பெனியில முப்பத்தஞ்சு வயசுக்காரிய எடுப்பாங்கன்னு கேட்டேன். பஸ் எங்க நிக்கும், ஸ்கூல் விட்டு வர்ற பொண்ணை யார் பாத்துப்பாங்கன்னு கேட்டேன். சாந்தம்மா கம்பெனியிலயே ஆள் எடுக்கிறாங்களாம். பதினாலாவது வீட்டு அக்காதான் அங்க லைன் லீடர். நுணுக்க வேலைக்குக் கை ஒத்துவருதான்னு ஊசி கோக்கச் சொல்லிப் பாத்தாங்க. போன வியாழக்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லி லெட்டர் வந்துருச்சு. நாளைக்கு முதல் ஷிப்டு."

அசோக்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். "உன் இன்டர்வியூ நடந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்துலதான். காபி நல்லாருக்குன்னு சொன்னீங்க."

அவள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள். சுப்ரியாவின் ரிப்பனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஏழேமுக்காலுக்கு வேன் வரும். ரெட்டை ஜடை. நேர்வகிடு கேப்பா."

அசோக்குமார் ரிப்பனை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்துத் தட்டை வைத்துக்கொண்டு அழுத பெண்தான் கண்ணில் நின்றாள். இந்த வீட்டில் காவேரி மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்? அவருக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

"ஊரெல்லாம் கன்னடத்துல பேசியிருக்க. எங்கிட்ட தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே காவேரி?"

"தமிழ்ல ஆறு வருஷம் சொல்லிப் பாத்தேங்க" என்றாள் அவள். "உங்களுக்கு அந்த பாஷை தெரியலைன்னுதான் கன்னடத்துக்குப் போனேன்."