மாமனார் மேல் பெய்த டாம் காலின்ஸ்

எனக்குத் தொழில் பெருமை கொஞ்சம் அதிகம். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ஒரே ஒரு நாள் மறைத்திருக்கலாம்.

பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நான் பார்டெண்டர். தென்காசியில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. ஊருக்கெல்லாம் அம்மா "ஓட்டல்ல ஆபீசர்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அதை நம்பித்தான் இலஞ்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை எனக்கு முன்பே தெரியும் (அம்மாவுக்கு அது தெரியாது), ரொம்பப் பிடிக்கும். என் வேலை அவருக்குத் தெரியும், அவருடைய அப்பாவுக்குத் தெரியாது. அப்பா ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் என்பதுதான் சிக்கல்.

நல்ல சாரல் நேரம். எல்லோரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை காயாமலே வந்திருந்தார்கள்.

"ஓட்டல்ல என்ன வேலம்மா பாக்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அம்மா கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி, "பார்ல டிரிங்க்ஸ் கலக்குதேன் மாமா" என்றேன். (முதல் சந்திப்பிலேயே மாமா. அவ்வளவு அவசரம்.)

"நான் அதுக்கு கேஸ் போட்டவம்லா" என்றார்.

அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டாம் காலின்ஸ் என்கிற காக்டெயிலின் வரலாற்றை எடுத்துவிட்டேன். லண்டனில் காலின்ஸ் என்ற பரிசாரகர் ஜின்னோடு எலுமிச்சை, சர்க்கரை, சோடா சேர்த்துக் கொடுத்தாராம். பிற்பாடு 'ஓல்டு டாம்' என்கிற இனிப்பு ஜின்னை ஊற்றியதில் டாம் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டதாம். வேறு கதையும் உண்டு என்று நான் ஆரம்பித்தபோது மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு இல்லாம அதக் கலக்கிக் காட்டு, பாப்போம்" என்றார் மாமா.

ஊருக்கு வந்தாலும் பானம் குலுக்குகிற என் ஷேக்கர் குவளை பெட்டியில் கூடவே வரும். அதை அம்மாவிடம் கொடுத்து, எலுமிச்சஞ்சாறு, சீனிப்பாகு, ஐஸ் போட்டு மூடிக் கொண்டுவரச் சொன்னேன். அதற்குள் நான் உயரமான டம்ளர்களில் ஐஸ் நிரப்பிக்கொண்டே பாடம் நடத்தினேன். சாற்றையும் பாகையும் ஐஸோடு குலுக்கி வடிகட்ட வேண்டும், கடைசியில்தான் சோடா, அதையும் ஒரே ஒரு தடவை மெல்லக் கிண்ட வேண்டும், சோடாவை எந்தக் காலத்திலும் குலுக்கக் கூடாது.

அடுப்படியில் அம்மா எங்கள் ஊர் வழக்கப்படி எலுமிச்சை சோடாவே போட்டுவிட்டாள். சாறு, பாகு, ஐஸ், சோடா, ஒரு சிட்டிகை உப்பு, எல்லாம் ஷேக்கருக்குள். சோடாவின் கேஸ் போய்விடக் கூடாதென்று மூடியை அறைந்து வேறு இறுக்கியிருந்தாள். தொழில் தெரிந்தவள் திறந்து பார்த்திருப்பாள். நான் தோளுக்கு மேலே தூக்கி, பெங்களூரில் கைதட்டல் வாங்குகிற ஸ்டைலில் குலுக்கினேன்.

நாலாவது குலுக்கலில் மூடி பறந்து மின்விசிறியில் மோதியது. உள்ளே இருந்ததெல்லாம் சப் இன்ஸ்பெக்டர் மேல். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, மீசை எதுவும் தப்பவில்லை. அன்றைக்கு அவருக்கு இரண்டாவது குளியல்.

அவர் மீசையை நக்கிப் பார்த்தார். "சோடாவக் குலுக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்ன. இது யாரு செஞ்ச வேல?"

அம்மா அடுப்படி வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டியது.

"எந் தப்புதான் மாமா. தெறந்து பாக்காம குலுக்கிட்டேன். தொழில் தெரிஞ்சவ அப்படிச் செய்யக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசம் ஸ்டேஷன்ல இருந்திருக்கேன். மொதக் கேள்வியிலயே ஒத்துக்கிட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்." பிறகு மனைவியிடம் திரும்பி, "ஏட்டி, நாள் பாக்கச் சொல்லு" என்றார்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. நான் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்தால்கூட இலஞ்சி வீட்டில் எல்லோரும் நாற்காலியோடு நகர்ந்துகொள்கிறார்கள். மாமா மட்டும் நகர மாட்டார், துண்டைத் தலையில் போட்டுக்கொள்வார். போன மாதம் கடையநல்லூரிலிருந்து வந்த பழைய நண்பரிடம், "எம் மருமவ. பெங்களூர்ல பெரிய பார்டெண்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கையில எதாச்சும் வச்சிருந்தாள்னா மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லும் வே" என்றார்.