என் ஷூவின் அடிப்பாகம் மலையேறிய கதை

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. வழக்கமான சனிக்கிழமைகளில் நான் ஐந்தரைக்கு எழுவேன். பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். முந்தின நாள் டைரியில் எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காபி. பிறகு கீழே போய்க் காரைத் துடைப்பேன். (கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இருக்கைகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அன்று மூன்றரைக்கே எழுந்துவிட்டேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் கிடைத்தது. மற்ற எதுவும் வழக்கப்படி நடக்கவில்லை.

நானும் என் மகள் காவ்யாவும் அன்று மலையேறப் போகிறோம். நாங்கள் இருக்கும் அமீரகத்தின் வடக்கே, ராஸ் அல் கைமா பக்கம் மணல்மேடுகளில் நடக்கத் தொடங்கி, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஒரு வாதியைக் கடந்து, ஹஜர் மலையின் உச்சி ஒன்றில் போய் நிற்க வேண்டும். அன்றே திரும்பவும் வேண்டும். ‘கடினமான நடை’ என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

காவ்யா மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, கார் ஜன்னல் வழியாக அந்த மலைகளைக் காட்டி, “அப்பா, அது மேல போலாமா?” என்று கேட்டாள். போகலாம் என்றேன். சொன்னதோடு நிற்காமல் அந்த வாரமே எனக்கு மலையேறும் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். பழுப்பு நிறம், கணுக்கால் வரை உயரம், தடித்த அடிப்பாகம். பிறகு வெயில் வந்தது. வெயில் போனதும் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்தால் ஊர்ப் பயணம். “அடுத்த குளிர்காலம்” என்று நான் சொல்லச் சொல்லக் குழந்தை வளர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் கல்லூரி.

டிசம்பரில் ஒரு நாள் அவளே வந்து சொன்னாள். “அப்பா, ஸ்டெல்லா ஆன்ட்டி க்ரூப்போட ஹைக் போறேன். நீங்க வர்றீங்களா? இல்ல, நெக்ஸ்ட் வின்டரா?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். விவரம் கேட்பதுபோலக் கேட்டாள். அதனால் அன்றே முடிவு செய்தேன். இந்த முறை அவளோடு உச்சியில் நிற்காமல் திரும்புவதில்லை.

தயாரிப்பில் நான் குறை வைக்கவில்லை. தினமும் அலுவலகம் விட்டு வந்ததும், பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தின் பதினான்கு மாடிகளையும் படிக்கட்டில் ஏறினேன். வாட்ச்மேன் கான் பாய் முதல் நாள் பதறிப்போய், “சாப், லிஃப்ட் சல் ரஹா ஹை!” (லிஃப்ட் ஓடுகிறதே!) என்று பின்னாலேயே ஓடிவந்தார். ஒன்பதாவது மாடியில் ஒரு வடநாட்டு அம்மாள் கதவைத் திறந்து, மளிகைக் கடைப் பையன் என்று நினைத்து, கொத்தமல்லி எங்கே என்று கேட்டார். (எனக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஆவணப் பிரிவுக்கே பொறுப்பாளர். மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே ஏறினேன்.)

இத்தனை பயிற்சியும் ஒரு பழைய கேன்வாஸ் ஷூவில் நடந்தது. நல்ல ஷூ, பெரிய சூட்கேஸில் இருந்தது.

வளைகுடாவில் நம்மவர்கள் வீட்டில் அலமாரிக்கு மேலே ஒரு பெரிய சூட்கேஸ் இல்லாமல் இருக்காது. ஊருக்குக் கொண்டுபோக வேண்டியவை எல்லாம் அதற்குள் போகும். எங்கள் வீட்டில், நல்ல நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் ஒதுக்குபவையும் போகும். என் மனைவி உமா ஆசைப்பட்டு வாங்கிய நீலப்பூ டின்னர் செட் அதற்குள்தான் குடியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் ஷூ. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, தாள் சுற்றி, திரும்ப வைத்துவிடுவேன்.

“ஒரு நாளாவது அதைப் போட்டு நடந்து பாருங்களேன்,” என்றாள் உமா.

“அழுக்காயிடும்.”

“மலை ஏறத்தானே வாங்கினீங்க? மலை என்ன கல்யாண மண்டபமா?”

நான் பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர், பேரீச்சம்பழம், எலுமிச்சைச் சாதம், உப்புக்கரைசல், பெட்டி கட்டுகிற பழுப்பு டேப், நைலான் கயிறு, கறுப்பு மார்க்கர்.

“டேப் எதுக்கு அப்பா? நாம ஏர்போர்ட்டுக்கா போறோம்?” என்றாள் காவ்யா.

“இருக்கட்டும்,” என்றேன். எங்கே கிளம்பினாலும் டேப் இல்லாமல் கிளம்பிப் பழக்கமில்லை.

விடியும்போது மணல்மேட்டின் அடியில் நின்றோம். குழுவை நடத்துகிறவர் ஸ்டெல்லா. குளச்சல்காரர், மருத்துவமனையில் நர்ஸ், வார விடுமுறையில் மலை. என் பளபளப்பான கால்களைப் பார்த்தவர், “ஷூவப் போட்டு நடந்து பழகினியளா சார்?” என்று கேட்டார்.

“நல்ல கம்பெனி மேடம்,” என்றேன். கேட்டதற்கு இது பதில் இல்லை என்று அப்போதே தெரியும்.

மணலில் நான் புலி. அரிசிப் பை வீண்போகவில்லை. வரிசையில் மூன்றாவதாக நடந்தேன். “அப்பா, நாட் பேட்!” என்றாள் காவ்யா. அந்த வாக்கியத்தை இரவு டைரியில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வாதிக்குள் இறங்கினேன்.

கூழாங்கற்களில் கால் வைத்ததும் எனக்குப் பின்னால் ‘டப், டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஹவாய்ச் செருப்போடு வந்திருக்கிறார்கள். எவ்வளவு பொறுப்பில்லாத மனிதர்! நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று நின்று திரும்பினேன். பின்னால் வந்தவர்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள். நான் நின்றதும் சத்தமும் நின்றிருந்தது.

குனிந்து பார்த்தேன். வலது ஷூ முதலைபோல வாயைத் திறந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பாகம் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. “வாங்கி எத்தன வருசம் சார்?”

நான் வாதியின் அழகைப் பார்த்தேன். காவ்யாதான் சொன்னாள். “நான் தேர்ட் ஸ்டாண்டர்ட் படிக்கும்போது ஆன்ட்டி.”

“ஏ மாதாவே! ஒருக்காகூடப் போடலயா?”

“இன்னைக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம்.”

(ஷூவைச் சும்மா வைத்திருந்தால் பசை உலர்ந்து, அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துவிடுமாம். பிறகுதான் படித்தேன். இருட்டில் கிடந்து எனக்குத் தெரியாமலே அதற்கு வயதாகிவிட்டிருந்தது.)

“சரி, டேப்ப எடுங்க,” என்றார் ஸ்டெல்லா. டேப் என் பையில் இருக்கும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கட்டுப் போட்டும் ஊருக்குப் பெட்டி கட்டியும் பழகிய கைகள். மொத்தையான ஒரு காலுறையை அடியில் கொடுத்து, டேப்பைச் சுற்றி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிந்தார். அவர் நிமிர்வதற்குள் இடது ஷூவும் வாயைத் திறந்தது. அதற்கும் ஒரு பெட்டி கட்டினார்.

காவ்யா மார்க்கரை எடுத்து, இரண்டு கால்களிலும் பெரிய எழுத்தில் என் பெயரை எழுதி, கீழே ‘திருச்சி’ என்று ஊர்ப் பெயரும் போட்டாள். “மிஸ்ஸாயிடக் கூடாதுல்ல?” குழுவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் என்னோடு விளையாடி நாளாகியிருந்தது.

பெட்டிகளோடு வாதியைக் கடந்தேன். மலையிலும் பாதி ஏறினேன். பாறையில் டேப் வெண்ணெயாக வழுக்கியது. இரண்டாவது முறை நான் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தபோது ஸ்டெல்லா கையைக் குறுக்கே நீட்டினார். “கலாஸ் சார், இதோட போதும். ஷூ போனா வாங்கலாம், இடுப்பு போனா என் வார்டுக்குத்தான் வரணும். இங்கயே இரிங்க.”

சற்று அகலமான இடம் அது. முழங்கால் பிடித்துக்கொண்ட ஒரு மலையாளி அன்பர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். காவ்யாவும் பையை இறக்கி வைத்தாள். “நானும் இருக்கேன் அப்பா. பரவால்ல.”

அவள் திட்டியிருக்கலாம். ‘பரவால்ல’ என்று அவள் சொன்ன விதம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

“நீ போ. நாம ரெண்டு பேரும் அடுத்த வின்...” என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. என் பையின் பக்கவாட்டு உறையில் கையை விட்டு, நான் குப்பை போடக் கூடாது என்று பத்திரப்படுத்தியிருந்த வலது அடிப்பாகத்தை உருவினாள்.

“இதையாவது கூட்டிட்டுப் போறேன்,” என்று ஸ்டெல்லாவின் பின்னால் ஏறினாள்.

மலையாளி அன்பர் என் கால்களைப் படித்துவிட்டு, “திருச்சிக்கு எத்தன கிலோ?” என்று கேட்டார். எலுமிச்சைச் சாதத்தைப் பாதி அவருக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவள் போனை நீட்டினாள். உச்சியில் யாரோ அடுக்கி வைத்த கற்குவியலின் மேல் என் ஷூவின் அடிப்பாகம் கம்பீரமாக நின்றது. பின்னால், நாங்கள் நடந்து வந்த மணல் முழுவதும். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு அவள் நின்றிருந்தாள்.

“இது உங்க இடம்,” என்றாள்.

அந்தப் படம் இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது. ஊரில் விசேஷங்களில் என் மைத்துனர், “மாமா பாதி மலைதான். அவர் செருப்பு முழு மலை,” என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார். நான் எதையாவது “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொன்னால், கோயம்புத்தூரிலிருந்து போனில், “அப்பா, சோல்!” என்று அந்த அடிப்பாகத்தை நினைவூட்டி ஒரு குரல் வரும். காரில் முன்னிருக்கை உறை இரண்டையும் கிழித்தாயிற்று. பின்னிருக்கை... பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. மறுநாள் ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தொடை இரண்டும் மரமாக இருந்தன. நாற்காலியைப் போட்டு ஏறி சூட்கேஸை இறக்கி, நீலப்பூ டின்னர் செட்டைப் பிரித்து, ஒவ்வொரு தட்டாகக் கழுவித் துடைத்தேன்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த உமா, சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“யாருங்க வர்றாங்க?”

“யாரும் வரல,” என்றேன். “இட்லிய இதுல வை.”