நாற்பத்து மூன்றாம் மரம்

நெய்வேலிப் பக்கம் ஓர் உயிரினம் உண்டு. காதில் பென்சில், கையில் டேப், காலடியில் மஞ்சள் பெயின்ட் டப்பா. கட்டடம் எழும்பப் போகும் மனைகளில் திடீரென்று முளைக்கும். பெயர், மரக் கணக்கர். பிளான் அப்ரூவல் வேண்டுமென்றால் மனையிலுள்ள மரங்களின் பட்டியல் வேண்டும். பட்டியலில் ஏறிய மரத்தை வெட்டக் கூடாது. ஏறாதது மரமே அல்ல. பின்னே என்ன? இடைஞ்சல்.

எங்கள் கலியமூர்த்தியைப் பாருங்கள். மைன்ஸில் ரிட்டையர் ஆனவர், மரத்தையும் ஷிப்ட் போட்டுத்தான் எண்ணுவார். கல்யாண மண்டபம் வரப்போகும் மனையில், ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்து டேப்பைச் சுற்றி, சுற்றளவை ஊருக்கே கேட்கச் சொல்லி, நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோல இலையைத் திருப்பிப் பார்த்து, 'உடம்பு பரவாயில்லை' என்று எழுதி, மஞ்சளில் நம்பர் போட்டு, உடனே அதே மனையிலுள்ள பலா மரத்தடிக்கு வந்து மலர்கொடியிடம் டீ கேட்பார். மூன்று நாளில் நாற்பத்திரண்டு மரம், நாற்பத்திரண்டு டீ.

மலர்கொடியின் டீக்கடைக்குக் கூரையே அந்தப் பலாதான்.

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டுகினு வர்றீங்க. எம் பலாவுக்கு எங்க சார்?"

"இதுக்கு எதுக்கும்மா? இது நம்ம ஆபீஸு."

"நாளைக்கு மெஷின் வந்தா, ஆபீஸுன்னு சொன்னா வுட்ருவானா?"

"சர்வே முடிஞ்சிபோச்சி. பெயின்ட்ல இருக்கறதுதாம்மா மரம்."

சொல்லிவிட்டு அதே பலாவில் சாய்ந்து தூங்கிப் போனார். டப்பா திறந்தே இருந்தது.

விழித்தபோது தலைக்கு மேலே 43.

"அட! எப்பப் போட்டேன்?"

"தூங்கறதுக்கு முன்னாடி சார். ஷிப்ட் முடியறப்ப."

பெயின்ட் சொன்னால் சரிதான். டேப்பைச் சுற்றினார். 'உடம்பு பிரமாதம்.' திரும்பினால் அவருடைய பைக் சீட்டில் 44.

"இது?"

"மிச்ச பெயின்ட்டு காஞ்சி போவுதேன்னு... நீங்கதான் சார் போட்டீங்க!"

பெயின்ட் பெயின்ட்தான். டேப்பைச் சுற்றி எழுதினார்: 'இனம் தெரியவில்லை. இலை உதிர்ந்துவிட்டது. உடம்பு பரவாயில்லை.' பட்டியலில் ஏறியதை இடம் மாற்றக் கூடாதல்லவா? பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். பலா நிற்கிறது. பைக்கும் நிற்கிறது.

இப்படியும் ஒரு மனுஷனா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தினமும் உங்கள் வண்டியை ஒரு மர நிழலில்தானே நிறுத்துகிறீர்கள்? அது என்ன மரம்?

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது.